பால் குடித்த ஓடையும் பல் இளித்த கற்களும்

மலையடிவாரத்தில் நரியோடை என்று ஓர் ஓடை இருந்தது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது இருக்கிற இடமே தெரியாது. ஆடுகள் அதன் நடுவில் படுத்து அசைபோடும். பிள்ளைகள் மணலில் கோடு கிழித்துக் கபடி ஆடுவார்கள். ஐப்பசி பிறந்து மலையில் இடி முழங்கிவிட்டால் போதும், அதற்குத் தலைகால் புரியாது. கரையோரப் புளியமரத்தின் இடுப்பைப் பிடித்து உலுக்கி, "நான் யார் தெரியுமா?" என்று கேட்கும். புளியமரம் பாவம், தெரியும் தெரியும் என்று எல்லாக் கிளையையும் ஆட்டும்.

ஓடைக்கு அக்கரையில் மேலக்கரை என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பாலையெல்லாம் சேர்த்துக் கேனில் ஊற்றி, தலையில் வைத்து இக்கரைக்குக் கொண்டுவருவது உலகம்மாளின் வேலை. இக்கரையில்தான் தார் ரோடு. அதில்தான் பால் வண்டி வரும். வெள்ளம் வந்துவிட்டால் வண்டிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அக்கரையில் நின்ற பால் வெயில் ஏற ஏறத் திரிந்துபோகும். உலகம்மாள் அதை ஓடையில் கவிழ்த்துவிட்டு வெறும் கேனோடு வீடு திரும்புவாள்.

ஓடைக்கு அந்த ருசி பிடித்துப்போயிற்று. ஐப்பசி வந்ததும் அது முதலில் கேட்பதே, "என் பால் எங்கே?" என்றுதான்.

போன வருஷம் அதற்கு ஒரு பாலம் கட்டப் பார்த்தார்கள். பழைய முறை. வளைவுப் பாலம் கட்ட வேண்டுமானால் முதலில் அடியில் சாரம் வேண்டும். சவுக்குக் கம்புகளை ஓடைக்குள் நெருக்கமாக நட்டு, மேலே பலகைகளை வளைத்துப் போட்டு, இரண்டு பக்கமிருந்தும் கல் அடுக்கிக்கொண்டு வந்தார்கள். நடுவில் வைக்கவேண்டிய கடைசிக் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டும் வைத்தாயிற்று. அது மேலே ஏறுவதற்குள் மலையில் மழை இறங்கிவிட்டது. ஓடை வந்து சவுக்குகளின் காலைப் பிடித்து ஒரே இழுப்பு. சாரம், பலகை, கல் எல்லாம் போயிற்று. தப்பித்த சில சவுக்குகளும் அந்தப் பொட்டு வைத்த கல்லும் மட்டும் கரையில் கிடந்தன.

இந்த வருஷம் லாரியில் வேறு மாதிரிக் கற்கள் வந்து இறங்கின. எங்கோ ஒரு வார்ப்புக் களத்தில், ஒரே இரும்பு அச்சில் கான்கிரீட் ஊற்றி வார்த்த கற்கள். பெரியது சின்னது என்ற பேச்சே கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே முகம். மேல் பக்கம் கொஞ்சம் அகலம், கீழ்ப் பக்கம் கொஞ்சம் குறுகல்.

அவற்றைக் கரையில் நேர்வரிசையாகப் படுக்க வைத்தார்கள். வரிசையின் முதுகில் பிளாஸ்டிக் நாரில் பின்னிய ஒரு கறுப்பு வலையை விரித்து, அதன் மேல் கான்கிரீட்டை மெல்லிதாகப் பரப்பிக் காயவிட்டார்கள். அதோடு வரிசை முழுவதும் ஒரே பட்டை ஆகிவிட்டது. இப்படிப் பல பட்டைகள் தயாராயின. அவற்றை ஓடையின் குறுக்கே பக்கம் பக்கமாக வைத்தால் பாலம் என்று சொன்னார்கள்.

ஆனால் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கற்களின் மேல் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அடிப்பக்கமோ குறுகலாயிற்றே, அதனால் ஒவ்வொரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் ஆப்பு வடிவத்தில் ஓர் இடுக்கு. பக்கத்தில் நின்று பார்த்தால் வரிசை முழுக்கப் பல்லை இளித்தது.

முதல் பட்டையில் நட்டநடுவே இருந்த கல்லுக்கு இது பெரிய அவமானமாகப் போயிற்று. அதற்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பக்கத்தில் கிடந்த பொட்டுக் கல்லிடமிருந்து அது ஒரு விஷயம் கேட்டு வைத்திருந்தது: வளைவில் நடுக்கல்தான் ராஜா, அதற்குத்தான் மஞ்சளும் மாலையும் எலுமிச்சம்பழமும். ராஜா இப்படி இடுக்கு இடுக்காகக் கிடக்கலாமா?

சவுக்குகள் வேறு சும்மா இருக்கவில்லை. "எங்கள் முட்டு இல்லாமல் ஒரு வளைவும் எழுந்ததில்லை. உங்களுக்கு முட்டு எங்கே?" என்று கேட்டன.

"முட்டு கிடையாது" என்றது கறுப்பு வலை. அதிகம் பேசாத சுபாவம் அதற்கு.

"பார், இந்த வலை நம்மைக் கட்டி வைத்திருக்கும் லட்சணம். எத்தனை இடுக்கு" என்று நடுக்கல் முணுமுணுத்தது.

"அது குறையில்லை. நீங்கள் வளைவதற்கு அந்த இடம் வேண்டும்."

"கல் எங்காவது வளையுமா?"

"ஒரு கல் வளையாது. வரிசை வளையும்" என்றது வலை.

நடுக்கல்லுக்கு இது ஏதோ சமாதானம் சொல்வது போலத்தான் பட்டது.

உலகம்மாள் தினமும் கணுக்கால் தண்ணீரில் ஓடையைக் கடந்து வருவாள். வந்த களைப்புக்குக் கேனை இறக்கி வைக்கும் இடம் அந்த முதல் பட்டையின் நடுக்கல்தான். பால் வண்டி வரும்வரை அதிலேயே உட்கார்ந்திருப்பாள். பால் கேனின் கனம் நடுக்கல்லுக்குப் பழகிவிட்டது. இந்தக் கனத்தை ஓடைக்கு மேலே நின்று தாங்க வேண்டும் என்று அதற்கு ஓர் ஆசை வளர்ந்தது. கர்வம் இருந்தாலும் நல்ல கல்தான் அது.

ஒருநாள் உலகம்மாள் கேனை இறக்கிவிட்டுக் குனிந்து இடுக்குகளைப் பார்த்தாள். பக்கத்தில் கொத்தனார் மாடக்கண்ணு மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இது பல்லு போன கெழவன் மாதிரி இளிச்சிக்கிட்டுக் கெடக்கு. இதுமேலயா நாங்க நடக்கணும்?"

"எனக்கும் அதுதான் வெளங்கல தாயி. தூக்குனா சரியாப் போயிரும்னு எஞ்சினியர் மேடம் சொல்லுதாங்க."

"போன வருசமும் சரியாப் போயிரும்னுதான் சொன்னாவ." உலகம்மாள் ஓடையைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த ஐப்பசிக்கும் பாலம் இல்லேன்னா எங்க ஊரு மாட்டப் பூரா வித்துருவோம் அண்ணாச்சி. பாலக் கறந்து ஓடைக்கு ஊத்த இனி எங்களால ஏலாது."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் மாடக்கண்ணுவுக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது. போன வருஷம் சாரம் போனபோது அந்தக் கற்களை அடுக்கியவரும் அவர்தான்.

கொத்தனார் கைக்கு ஒரு குணம் உண்டு. இடுக்கைக் கண்டால் அதற்கு இருப்புக் கொள்ளாது. சுவரில் இடுக்கு இருந்தால் பல்லி வரும், தரையில் இருந்தால் எறும்பு வரும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்தால் கெட்ட பெயர் வரும். வாழ்நாள் முழுக்க இடுக்கை அடைத்தே சோறு தின்ற கை அது. அன்றைக்குப் பொறியாளர் தில்லைநாயகி டவுனுக்குப் போயிருந்தார். மறுநாள் காலை கிரேன் வருவதாக ஏற்பாடு. மாடக்கண்ணு சிமெண்டும் மணலும் கலந்தார். முதலில் தூக்கப்போகிற பட்டை ஆயிற்றே, அது பலமாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒவ்வோர் இடுக்கிலும் சாந்தைத் திணித்து அடைத்து, கரண்டியால் தேய்த்து மினுக்கிவிட்டார். பொழுது சாயும்போது பார்த்தால் பட்டை ஒரே பாறை போல இருந்தது. அவருக்கே ஒரு பூரிப்பு.

நடுக்கல்லின் சந்தோஷத்தைக் கேட்கவே வேண்டாம். "இப்போதுதான் நாம் ஒன்று சேர்ந்திருக்கிறோம்" என்று அக்கம்பக்கத்தில் இருந்த கற்களிடம் சொன்னது.

"இனி உங்களை யாராலும் பிரிக்க முடியாது" என்றது புதுச் சாந்து.

"சேர்க்கவும் முடியாது" என்றது வலை. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் மஞ்சள் நிறத்தில் கிரேன் வந்து நின்றது. அதற்கு எப்போதும் அவசரம். இந்த ஊர் மண்ணே சரியில்லை, மழை பிடித்தால் சக்கரம் புதைந்துவிடும், அதற்குள் வேலையை முடித்து அனுப்பிவிடுங்கள், போனால் இந்தப் பக்கம் கார்த்திகை முடியும்வரை வரமாட்டேன் என்று வந்ததும் வராததுமாக உறுமியது. அது சொன்னதிலும் நியாயம் இருந்தது. மலை உச்சியில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

பட்டையின் நடுப்பகுதியில் கொக்கிகளை மாட்டினார்கள். தில்லைநாயகி கையை உயர்த்த, கிரேன் இழுத்தது. உலகம்மாள் தலையில் கேனோடு ஓடையின் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டை எழுந்தது. வளையவில்லை. நீட்டிய பலகை மாதிரி விறைத்துக்கொண்டு எழுந்தது. இரண்டு ஓரமும் தொங்கப் பார்த்தன, சாந்து விடவில்லை. ஒரு பக்கம் வெடுக்கென்று ஓர் ஓசை கேட்டது. கற்களின் முதுகில் கிடந்த வலை முறுக்கேறித் துடித்தது.

"இறக்கு, என்னால் முடியவில்லை" என்றது வலை. அது முதல்முறையாகக் குரலை உயர்த்தியது.

"என்ன இது, பிணத்தைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது" என்றது கிரேன்.

தில்லைநாயகி கையைக் கீழே காட்டினார். பட்டை மீண்டும் தரையில் வந்து படுத்தது. சவுக்குகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்தன. தண்ணீர் லேசாகக் கலங்க ஆரம்பித்திருந்தது. நரியோடை தூக்கம் கலைந்து, "என்ன, இந்த வருஷமும் கடைசிக் கல் ஏறவில்லையா?" என்று விசாரித்தது.

தில்லைநாயகி மண்டியிட்டு, இடுக்கு இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதை அடைச்சது யாரு அண்ணாச்சி?"

"நான்தான் மேடம்." மாடக்கண்ணு தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "பலமா இருக்கட்டும்னு செஞ்சேன்."

தில்லைநாயகிக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் பாதி வழியில் தன் மேலேயே திரும்பியது. இடுக்கை விடச் சொன்னவர் எதற்காக என்று சொல்லவில்லையே.

"நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும் அண்ணாச்சி. நடுவுல பிடிச்சுத் தூக்கும்போது ரெண்டு ஓரமும் தன் கனத்துல கீழ தொங்கும். அப்ப இந்த இடுக்கெல்லாம் தானா மூடும். மூடினாத்தான் வளைவு. இப்ப மூடுறதுக்கு இடமே இல்ல."

மாடக்கண்ணு மேகத்தைப் பார்த்தார். கிரேனைப் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து சின்ன உளியை எடுத்து, முதல் இடுக்கின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு நாள் சாந்து என்பதால் உள்ளே இன்னும் முழுக்க இறுகவில்லை. ஆனாலும் கல்லின் முகம் சிதையாமல் எடுக்க வேண்டும். பூட்டிய வீட்டைத் திறக்கிற மாதிரி மெதுவாகத்தான் தட்ட முடிந்தது.

உலகம்மாள் பாலை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். நடந்ததைக் கேட்டு மாடக்கண்ணுவின் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"நான் சொன்ன சொல்லுக்குத்தான் அடைச்சியளா அண்ணாச்சி?"

மாடக்கண்ணு ஆமாம் என்று தலையசைத்தார். உலகம்மாள் இடுப்பில் செருகியிருந்த புல்லறுக்கும் அரிவாளை உருவினாள்.

"அந்தப் பக்கம் நான் பாக்கேன். தள்ளி உக்காருங்க."

அவர் உளியால் உடைக்க, அவள் அரிவாளின் மூக்கால் கிண்டி இழுத்தாள். கிரேனை நிறுத்திவிட்டு அதன் ஓட்டுநரும் ஒரு கம்பியோடு வந்து சேர்ந்துகொண்டார். தில்லைநாயகி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து இடுக்குகளைக் கழுவினார். மலையில் முதல் இடி கேட்டது. ஒருவரும் தலை நிமிரவில்லை.

தன் பக்கத்துச் சாந்து உதிர்ந்து விழ விழ, நடுக்கல்லுக்குப் பயமாக இருந்தது. "நாம் ஒட்டிக்கொண்டோம் என்று நினைத்தேனே" என்று அடுத்த கல்லிடம் சொன்னது.

"ஒட்டியது சாந்துதான். நாம் இன்னும் முழுசாகத் தொட்டுக்கொள்ளவே இல்லை" என்றது அடுத்த கல்.

கடைசி இடுக்கும் சுத்தமாயிற்று. மாடக்கண்ணு ஒரு குங்குமப் பொட்டலத்தை உலகம்மாளிடம் நீட்டி, நடுக்கல்லுக்கு ஒரு பொட்டு வைத்துவிடச் சொன்னார். அவர் வழக்கம் அது. உலகம்மாள் இதில் முக்கியமான கல் எது என்று பொறியாளரைக் கேட்டாள். எல்லாம் ஒன்றுதான், எது இல்லாவிட்டாலும் நிற்காது என்றார் தில்லைநாயகி. அவ்வளவுதான், உலகம்மாள் ஓரத்துக் கல்லில் ஆரம்பித்து வரிசை முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டே போய்விட்டாள். காலையில் என்றால் நடுக்கல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். இப்போது அதற்குத் தன் பொட்டைக் கவனிக்க நேரமில்லை. அது அண்டைக் கற்களுக்குப் பொட்டு நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

கிரேன் மீண்டும் இழுத்தது.

நடுக்கல் முதலில் தரையை விட்டது. அதன் இருபுறமும் அடுத்தடுத்த கற்கள் எழுந்தன. கனம் இரண்டு ஓரங்களையும் கீழே இழுத்தது. வலை நீண்டு, முறுக்கி, தாங்கியது. இடுக்குகள் சுருங்கின. பல்லை இளித்த வரிசை மெல்ல வாயை மூடியது. டொக் என்று ஓர் இடுக்கு மூடிற்று, அடுத்து இன்னொன்று, அடுத்து இன்னொன்று, நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் அந்த ஓசை ஓடிற்று. நடுக்கல்லின் முழு முகத்தில் அடுத்த கல்லின் முழு முகம் வந்து பதிந்தது. பிறந்தது முதல் விளிம்பு மட்டும் தொட்டுக்கொண்டிருந்த கற்கள் முகத்தோடு முகம் அழுத்திக்கொண்டு நின்றன.

அந்தரத்தில் ஒரு வளைவு தொங்கியது. சாரம் இல்லை, பலகை இல்லை.

மாடக்கண்ணு கையிலிருந்த துண்டை எடுத்துத் தலையைச் சுற்றிச் சுழற்றினார். உலகம்மாள் குலவை போட்டாள். இடி அதற்குள் அமுங்கிப்போனது.

கிரேன் வளைவைக் கொண்டுபோய், இரு கரைகளிலும் தயாராக இருந்த கான்கிரீட் திண்டுகளில் மெதுவாக உட்கார வைத்தது. வளைவின் இரண்டு ஓரங்களும் வெளிப்பக்கம் தள்ளின.

"தள்ளு, இன்னும் நன்றாகத் தள்ளு. நாங்கள் நகர்கிற ஆள் இல்லை" என்றன திண்டுகள்.

கொக்கி கழன்றது. வலையின் முறுக்கு தளர்ந்தது. "தூக்குகிறவரைதான் என் வேலை. இனி உங்கள் கனமே உங்களைப் பிடித்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு அது தன் பழைய மௌனத்துக்குப் போய்விட்டது.

கிரேனுக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி மாளாது. காலையில் போகவேண்டும் போகவேண்டும் என்று நச்சரித்த அதே கிரேன், "எங்கே அடுத்த பட்டை? கொண்டுவாருங்கள்" என்று கையை நீட்டியது. மற்றப் பட்டைகள் யாரும் தொடாமல் இடுக்கோடு கிடந்தவை. ஒவ்வொன்றாக எழுந்தன, வளைந்தன, முதல் வளைவின் தோளோடு தோள் உட்கார்ந்தன. கடைசிப் பட்டை இறங்கியபோது மழையின் முதல் துளிகள் விழுந்தன. கிரேன் சக்கரம் புதையாமல் தார் ரோட்டில் ஏறி, ஊரைப் பார்த்து ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

அன்று பொழுது சாயும் நேரத்தில் நரியோடை செந்தண்ணீரோடு வந்தது. வழக்கம்போலக் காலைப் பிடித்து இழுக்கத்தான் வந்தது. நுரைத்துக்கொண்டு குனிந்து இந்தப் பக்கம் தேடிற்று, அந்தப் பக்கம் தேடிற்று.

"கால் எங்கே? பாலத்துக்குக் கால் எங்கே?"

கரையில் கிடந்த சவுக்குகளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. போன வருஷம் ஓடை பிடித்து இழுத்ததே அவற்றின் கால்களைத்தான். "அது காலில் நிற்கவில்லை" என்று ஒரு சவுக்கு சொன்னது. "ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கிறது." அதைச் சொல்லும்போது அதன் குரலில் கொஞ்சம் பொறாமையும் நிறைய மரியாதையும் இருந்தன.

ஓடை பிடி கிடைக்காமல் வளைவுக்கு அடியில் புகுந்து போயிற்று. வேறு வழி அதற்கு வைக்கப்படவில்லை.

பிறகு பக்கச் சுவர் எழுந்தது, மேலே கான்கிரீட் நிரப்பினார்கள், சாலை போட்டார்கள். கனம் ஏற ஏறக் கற்கள் இன்னும் இறுக அணைத்துக்கொண்டன. ஒருநாள் வெள்ளம் வடிந்திருந்த நேரத்தில் மாடக்கண்ணு அடியில் இறங்கி, தன் கரண்டியின் நுனியை ஓர் இணைப்பில் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொன்றில் பார்த்தார், அதிலும் நுழையவில்லை. தன் ஆயுசுக்கும் இவ்வளவு இறுக்கமாக ஓர் இடுக்கை அடைத்ததில்லை என்று அவர் தனியாக நின்று சிரித்தார்.

திறப்பு நாளில் சவுக்குகளைப் பந்தல்காலாக நட்டு, மாவிலையும் தோரணமும் கட்டினார்கள். ஒரு காலத்தில் பாலத்தைத் தாங்கியவை இப்போது பாலத்துக்கு நிழல் தாங்கின. அதில் அவற்றுக்குத் திருப்திதான். பொட்டுக் கல்லைப் பாலத்தின் இக்கரை முனையில் நட்டார்கள், உலகம்மாள் கேனை இறக்கி வைக்க. ஆனால் அதற்கு அவசியமே வரவில்லை. பால் வண்டி பாலத்தின் மேலேயே ஏறி மேலக்கரைக்கு வந்துவிட்டது. ஒரு மாடும் விற்கப்படவில்லை. ஊரில் இரண்டொரு வீட்டில் புதிதாக மாடு வாங்கிக் கட்டியிருப்பதாகவும் கேள்வி.

ஒரு காலை, மலையில் விடிய விடியப் பெய்த மழைக்குப் பிறகு, நரியோடை இரு கரையும் நிரம்ப வந்தது. புளியமரத்தை உலுக்கிற்று. வளைவின் அடியில் வந்து முட்டிற்று. பழைய ருசி நினைவுக்கு வர, மேலே நிமிர்ந்து, "என் பால் எங்கே?" என்று கத்திற்று.

அப்போது பால் வண்டி கேன்கள் குலுங்க நடுக்கல்லைக் கடந்துகொண்டிருந்தது. பழகிய கனம்தான். நடுக்கல் இருபுறமும் அண்டைக் கற்களில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, சாவகாசமாகப் பதில் சொன்னது:

"உன் தலைக்கு மேலே போகிறது."